புதிய தற்காப்பு ஆட்டக்காரர் தடுமாறுகிறாரா? கொஞ்சம் பொறுங்க!

ஏஎஃப்எல் எனும் ஆஸ்திரேலியக் காற்பந்து லீக்கில், 2017 இறுதியில் அடிலெய்டிலிருந்து மெல்பர்ன் குழுவுக்கு மாறினார் ஜேக் லீவர். அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் ரசிகர்களிடையே ஒரே விவாதம்: கொடுத்த விலைக்கு ஏற்ற ஆட்டமா இது?

ஏன் தடுமாற்றம்?

எதிரணி உதைக்கும் பந்தை இடைமறித்துப் பிடிப்பதே லீவரின் பலம். அதற்கு, தாம் கண்காணிக்கும் ஆட்டக்காரரை விட்டு ஓட வேண்டும். அந்த நேரத்தில் அவரை வேறொருவர் பார்த்துக்கணும். இந்தப் புரிதல் வர நாளாகும்.

அதே ஆண்டு முழங்கால் காயம். லீவரின் பருவம் பாதியில் முடிந்தது.

2021இல்? 57 ஆண்டுகளுக்குப் பின் மெல்பர்ன் கிண்ணம் வென்றது. பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் அணியிலும் லீவருக்கு இடம்.

அடுத்த முறை பந்தை மட்டும் பார்க்காதீங்க. அவர் விட்டுச்சென்ற இடத்தை யார் நிரப்புறாங்கன்னும் பாருங்க!