தையல்காரம்மா சொன்ன கணக்கு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பலேர்மோவில் லிபெர்த்தா பகுதியில் ஒரு வீட்டில் வயசான இத்தாலியப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர், பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கவரை நீட்டினார்.

"தம்பி, கதைக்க எனக்கு நல்லா வரும். ஆஸ்பத்திரிக் கடுதாசி எண்டால்தான் பயம். இது என்னெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

பயப்பட ஒன்றுமில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கான முன்சோதனை அழைப்பு. இத்தாலியில் 50 முதல் 69 வயசு வரை எல்லாருக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் இலவசமாகச் செய்கிறார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கா என்று பார்ப்பது, அவ்வளவுதான். சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார். "எங்கட வீட்டில ஒருத்தருக்கும் அந்த வருத்தம் இல்லை தம்பி. எனக்கென்னத்துக்கு?"

சரி, சும்மா கேட்டு வைப்போமே என்று அப்பா எப்படி இறந்தார் என்றேன். "எனக்குப் பத்து வயசில மோசம் போனவர். ரத்தம் ரத்தமாப் போனது. மூலம் எண்டுதான் பரியாரியார் சொன்னவர்." அப்பாவுக்கு அப்போ வயசு? "நாப்பத்திமூண்டு." வேற யாராவது? "பெரிய மாமிக்கு கர்ப்பப்பையில கட்டி. அது வேற வருத்தமெல்லோ?" (அப்பாவின் அக்காவைத்தான் அவர்கள் ஊரில் மாமி என்பார்கள்.)

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. அது வேற வியாதி இல்லாமலும் இருக்கலாம் என்று உலகம் ஒத்துக்கொள்ள எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா?

கதை 1895ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் ஆரம்பிக்கிறது. ஆல்ட்ரெட் வார்தின் அங்கே பல்கலைக்கழகத்தில் நோயியல் நிபுணர். அவர் வீட்டுக்குத் துணி தைத்த பெண்ணின் பெயர் பாலின் கிராஸ், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பம். ஒருநாள் அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்கிறாள்: நான் சீக்கிரம் புற்றுநோயில்தான் சாவேன், எங்க வீட்டில் பெரும்பாலும் குடல், வயிறு, கர்ப்பப்பை புற்றுநோயில்தான் போயிருக்கிறார்கள். நம்மூர் டாக்டராக இருந்தால் 'அதெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா'ன்னு அனுப்பியிருப்பார். வார்தின் காது கொடுத்துக் கேட்டார். அந்தப் பெண்ணே சொந்தக்காரர்கள் விவரம் திரட்டிக் கொடுத்தாள். 1913ல் அவர் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1919ல் பாலின் இறந்தாள், சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில். வயசு 46.

கட்டுரை வந்தும் பெரிய அதிர்வு இல்லை. புற்றுநோய் பரம்பரையாக வருமென்று நம்ப ஆளில்லை. வார்தினும் பிற்காலத்தில் 'நல்ல வித்து' பேசும் இனமேம்பாட்டுவாதத்தின் பக்கம் சாய்ந்தது அவர் கணக்கில் ஒரு கறுப்புப் புள்ளி. வாய் திறந்து சொன்ன குடும்பத்தையே குறையாகப் பார்க்கும் புத்தி அது. 'பொண்ணு எடுக்க வருவாங்களா'ன்னு வியாதியை மறைக்கும் நம்ம வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை :-(

அடுத்து 1960களின் தொடக்கம், நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா. ஹென்றி லிஞ்ச், முன்னாள் குத்துச்சண்டைக்காரர் (நிஜமாகவே!), பயிற்சி மருத்துவர். குடித்துக் குடித்துப் படுத்த ஒரு நோயாளியிடம் ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்று கேட்டால், எப்படியும் குடல் புற்றுநோயில் சாகத்தானே போகிறேன், எங்க வீட்டில் எல்லாருக்கும் அதுதான் என்கிறார். அதே வாக்கியம்! லிஞ்ச் 1966ல் இரண்டு பெரிய குடும்பங்களைப் பற்றி எழுதினார். பிறகு வார்தினின் பழைய குடும்பத்தையும் தேடிப் போய், 1971ல் அதன் கதையைத் தொடர்ந்து எழுதினார். அப்போதும் தற்செயல், சாப்பாடு, சூழல் என்றுதான் பலர் சொன்னார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு மறுக்கப்பட்ட கதைகள் ஏராளம்.

முடிச்சு அவிழ்ந்தது 1993ல். செல் பிரியும்போது டி.என்.ஏ.வை நகல் எடுக்கிறது. நகலில் எழுத்துப் பிழை வரும். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் மாதிரி சில புரதங்கள் அதைத் திருத்தும். அப்படி ஒன்றுக்கான மரபணு எம்.எஸ்.ஹெச்.2. அது கெட்டால் பிழைகள் குவிந்து புற்றாகும். மறு வருஷமே எம்.எல்.ஹெச்.1 என்ற இரண்டாவதும் கிடைத்தது. திருத்துபவர் குடலுக்கு மட்டும் வேலை செய்வதில்லை, அதனால்தான் அண்ணனுக்குக் குடலிலும் தங்கைக்குக் கர்ப்பப்பையிலும் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2000ல் பாலினின் குடும்பத்திலேயே எம்.எஸ்.ஹெச்.2ல் அந்தப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். தையல்காரம்மா சொல்லி 105 வருஷம் கழித்து! இன்று லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். பாலின் நோய்க்குறி என்று வைத்திருக்கலாம் என்பது என் கட்சி.

குடல் புற்றுநோயில் நூற்றுக்கு மூன்றுதான் இந்த வகை, எல்லாரும் பதற வேண்டாம். இன்னொரு வகை உண்டு, எம்.யூ.டி.ஒய்.ஹெச். மரபணுவில் பிழை, 2002ல் கார்டிஃபில் கண்டது. அதில் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் குடலில் நிறைய விழுதுகள் முளைக்கும். பெற்றோர் சுகமாகவே இருப்பார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொள்ளும் நமக்கு இது கவனிக்க வேண்டிய கணக்கு.

நம்ம பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1920களில் மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். முதலில் சீதபேதி என்றுதான் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அந்த வலியிலிருந்துதான் 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அந்தத் தங்கைக்குப் பரம்பரைப் பிழை என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அக்காவே டாக்டராக இருந்த வீட்டில் சீதபேதி ஆனது, யாழ்ப்பாணத்தில் மூலம் ஆகாதா?

இதே பலேர்மோ பல்கலைக்கழகத்தில் 2007ல் மடில்டே தொதாரோ, ஜார்ஜோ ஸ்தாஸி குழுவினர், குடல் கட்டியை வளர்க்கும் மூலச்செல்கள் மருந்துக்குச் சாகாமல் எப்படித் தப்பிக்கின்றன என்று காட்டினார்கள். லிபெர்த்தாவிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் இதெல்லாம் நடக்கிறது. இங்கே அக்காவுக்கு ஒரு கடுதாசியை வாசித்துச் சொல்ல ஆளில்லை.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவர் அப்பாவுக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் டாக்டரும் இல்லை. ஆனால் 43 வயசு, ரத்தம், அத்தையின் கர்ப்பப்பை, இந்த மூன்றையும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், சோதனைக் குப்பியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் போதாது என்றேன். கவரின் பின்பக்கம் வம்சம் வரைய ஆரம்பித்தோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். வன்னியில் இறந்தவர்கள், கடலில் போனவர்கள் என்று அக்கா சொல்லச் சொல்ல, வியாதியைக் காட்டும் முன்பே சாவு வந்துவிட்ட கட்டங்கள் நிறைய. அப்பாவின் அப்பா பக்கம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"சின்ன மாமிக்குத்தான் தெரியும். கனடாவில இருக்கிறா."

பலேர்மோவில் மத்தியானம் பன்னிரண்டு. டொரொன்டோவில் காலை ஆறு மணி ஆகியிருக்கும் என்றேன்.

"எழும்பியிருப்பா" என்று போனை எடுத்தார்.