நெட்ஸ்கேப் ஏன் தோற்றது? வகுப்பில் நான் சொன்ன தவறான பதில்



சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இப்போது மென்பொருள் துறையில் நல்ல நிலையில் இருக்கிறார். பேச்சுவாக்கில், "ஐயா, கணினி அறையில் ஒரு நாள் நெட்ஸ்கேப் பற்றிச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? தரமானது நிலைக்கும், தரமில்லாதது போய்விடும், நெட்ஸ்கேப் அப்படித்தான் போனது என்றீர்கள். அதைப் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போரில் வென்றவன் எழுதி வைத்த மெய்க்கீர்த்தியை மட்டும் படித்து வரலாறு எழுதக் கூடாது என்று உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நானே அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். அதைத் திருத்தத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கதை 1980இல் தொடங்குகிறது. ஐபிஎம் என்ற பெரிய நிறுவனம் தனிநபர் கணினி ஒன்றைக் கொண்டுவர முடிவு செய்தது. அதற்கு இயங்குதளம் வேண்டும். பில் கேட்ஸும் பால் ஆலனும் 1975இல் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் அந்த வேலையை ஒப்புக்கொண்டது. கையில் சொந்தமாக இயங்குதளம் எதுவும் இல்லை. சியாட்டில் நகரத்துச் சிறு நிறுவனம் ஒன்று உருவாக்கி வைத்திருந்ததை எடுத்துத் திருத்தியது. 1981 ஜூலையில் 50,000 டாலர் கொடுத்து அதன் முழு உரிமையையும் வாங்கிக்கொண்டது. அதுதான் டாஸ்.

இதில் கெட்டிக்காரத்தனம் விலையில் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தது. டாஸை மற்றக் கணினித் தயாரிப்பாளர்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐபிஎம் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சில ஆண்டுகளில் காம்பாக் போன்றவர்கள் ஐபிஎம் கணினியைப் போலவே கணினி செய்து விற்கத் தொடங்கினார்கள். எவன் கணினி விற்றாலும் மைக்ரோசாஃப்ட்டுக்குக் காசு வந்தது. இதுவரை நடந்தது சாமர்த்தியம். குறை சொல்ல எதுவும் இல்லை.

அடுத்து வந்ததுதான் வேறு மாதிரி. தயாரிப்பாளர்களோடு மைக்ரோசாஃப்ட் ஓர் உரிம முறையை வைத்திருந்தது. எத்தனை கணினியில் டாஸ் போட்டாய் என்று கணக்குப் பார்க்காமல், எத்தனை கணினி விற்றாய் என்று கணக்குப் பார்த்துப் பணம் வாங்கும் முறை அது. விற்ற கணினியில் வேறு இயங்குதளம் இருந்தாலும் மைக்ரோசாஃப்ட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அப்புறம் எந்தத் தயாரிப்பாளர் இரண்டாவதாக இன்னொருவருக்கும் காசு கொடுப்பார்? போட்டியாளரின் சரக்கு நல்லதா கெட்டதா என்ற பேச்சே எழவில்லை. அது கடைக்கு வரும் வழியிலேயே சுங்கச்சாவடி போட்டாயிற்று. அமெரிக்க நீதித்துறை தலையிட்டு, 1994இல் செய்த உடன்பாட்டில் இந்த முறையை நிறுத்த வைத்தது.

இந்தச் சுங்கச்சாவடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததெல்லாம் இதன் வேறு வேறு வடிவங்களே.

அதே 1994இல் ஜிம் கிளார்க்கும் மார்க் ஆண்ட்ரீசனும் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் என்ற உலாவி வெளிவந்தது. இணையத்தைச் சாதாரண மனிதர்கள் பார்க்க வழி செய்தது என்பதால் காட்டுத்தீ போலப் பரவியது. 1995 ஆகஸ்ட் 9 அன்று நெட்ஸ்கேப் பங்குகள் சந்தைக்கு வந்தன. 28 டாலர் என்று விலை வைத்த பங்கு அன்று மாலை 58.25 டாலரில் முடிந்தது. நிறுவனத்துக்கு அப்போது ஒன்றரை வயதுகூட நிறையவில்லை.

இயங்குதளம் விற்கும் மைக்ரோசாஃப்ட் ஓர் உலாவியைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்? இந்த இடத்தைத்தான் நான் அன்று புரிந்துகொள்ளவில்லை.

மக்கள் விண்டோஸை வாங்கியதற்குக் காரணம் அதன் அழகு இல்லை. அவர்களுக்கு வேண்டிய மென்பொருள்கள் எல்லாம் விண்டோஸில்தான் ஓடின. மென்பொருள் எழுதுபவர்கள் விண்டோஸுக்கே எழுதினார்கள், ஏனென்றால் மக்கள் அங்கேதான் இருந்தார்கள். ஒன்றை ஒன்று தாங்கும் இந்தச் சுழல்தான் மைக்ரோசாஃப்ட்டின் கோட்டை. ஐபிஎம்மே பின்னாளில் ஓஎஸ்/2 என்று தனியாக ஒரு இயங்குதளம் கொண்டுவந்தும் அந்த மதிலைத் தாண்ட முடியவில்லை.

உலாவி அந்த மதிலின் அடியில் சுரங்கம் தோண்டக்கூடியது. மென்பொருள்கள் உலாவிக்குள்ளேயே ஓட ஆரம்பித்துவிட்டால், அடியில் இருப்பது விண்டோஸா வேறொன்றா என்று யார் பார்க்கப்போகிறார்கள்? 1995 மே 26 அன்று பில் கேட்ஸ் தம் நிர்வாகிகளுக்கு இணையம் பற்றி எழுதிய நீண்ட குறிப்பில் இந்த அச்சம் வெளிப்படையாகவே இருக்கிறது. அந்தப் போர் உலாவிக்காக நடக்கவில்லை, விண்டோஸைக் காப்பாற்ற நடந்தது.

ஆகவே மைக்ரோசாஃப்ட்டும் ஓர் உலாவி செய்தது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். முதல் பதிப்புக்கு அடிப்படை ஸ்பைகிளாஸ் என்ற நிறுவனத்திடம் உரிமம் வாங்கிய நிரல். நெட்ஸ்கேப் மாணவர்களுக்கு இலவசமாகத் தந்தாலும் வணிக நிறுவனங்களிடம் காசு வாங்கியது. அதுதான் அதன் சோறு. மைக்ரோசாஃப்ட் தன் உலாவியை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. விண்டோஸ் வருமானம் இருந்ததால் அதற்கு வலிக்கவில்லை.

இலவசம் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதுவரை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலவசம் மட்டும் போதவில்லை. 1996 தொடக்கத்தில் நெட்ஸ்கேப்பின் பங்கு 70 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. அடுத்து என்ன செய்தார்கள் என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகள் சொல்கிறேன். மூன்றும் பிறகு நீதிமன்றத்தில் பதிவானவை.

ஒன்று, காம்பாக். அன்றைக்கு மிகப் பெரிய கணினித் தயாரிப்பாளர். தன் கணினிகளின் முகப்புத் திரையிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சின்னத்தை எடுத்துவிட்டு நெட்ஸ்கேப்பை முன்னால் வைத்தது. விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம் என்று 1996இல் மைக்ரோசாஃப்ட் கடிதம் அனுப்பியது. விண்டோஸ் இல்லாமல் கணினி விற்க முடியுமா? காம்பாக் பணிந்தது. சின்னம் திரும்பி வந்தது.

இரண்டு, அமெரிக்கா ஆன்லைன். லட்சக்கணக்கான வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுத்த நிறுவனம். 1996 மார்ச்சில் ஒரு நாள் நெட்ஸ்கேப்போடு ஒப்பந்தம் அறிவித்தது. மறுநாளே மைக்ரோசாஃப்ட்டோடும் அறிவித்தது. தன் சந்தாதாரர்களுக்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையே முதன்மை உலாவியாகக் கொடுக்க இசைந்தது. பதிலுக்குக் கிடைத்தது விண்டோஸ் திரையில் ஓர் இடம். மைக்ரோசாஃப்ட்டுக்கு எம்எஸ்என் என்று சொந்தமாகவே ஒரு இணைப்புச் சேவை இருந்தது. அதன் போட்டியாளருக்குத் தன் திண்ணையிலேயே இடம் கொடுத்தது. சொந்தப் பிள்ளை நஷ்டப்பட்டாலும் சரி, நெட்ஸ்கேப் உள்ளே வரக் கூடாது என்றால், அந்தப் பயத்தின் அளவைப் பாருங்கள்.

மூன்று, ஆப்பிள். 1997 ஆகஸ்டில் தள்ளாடிக்கொண்டிருந்த ஆப்பிளில் மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்தது. ஆப்பிள் கணினிகளுக்கு ஐந்து ஆண்டுகள் ஆபீஸ் மென்பொருள் தருவதாகவும் உறுதி கொடுத்தது. ஆப்பிள் தன் கணினிகளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை முதன்மை உலாவியாக்கியது. அதற்கு முந்தைய பேச்சுகளில் ஆபீஸை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டல் இருந்ததாக நீதிபதி பின்னர் பதிவு செய்தார்.

பார்த்தீர்களா? மூன்றிலும் நெட்ஸ்கேப்பை யாரும் நேரே தொடவில்லை. அது மக்களிடம் போய்ச் சேரும் பாதைகளைத்தான் ஒவ்வொன்றாக அடைத்தார்கள்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பிந்தைய பதிப்புகள் உண்மையிலேயே நன்றாக வந்தன. நெட்ஸ்கேப்பும் தவறு செய்தது. நான்காம் பதிப்புக்குப் பிறகு நிரலை முதலிலிருந்து எழுதப் போய், ஐந்தாம் பதிப்பை வெளியிடாமலே 2000 நவம்பரில்தான் ஆறாம் பதிப்பைக் கொண்டுவந்தது. ஆகவே "தரம்" என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. கால் பங்கு உண்மை. ஆனால் கால் பங்கை முழுசாகச் சொன்னால் அது பொய்யைவிட மோசம்.

1998 நவம்பரில் நெட்ஸ்கேப்பை அமெரிக்கா ஆன்லைன் வாங்குவதாக அறிவித்தது. அதே ஆண்டு மே 18 அன்று அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டிருந்தன. 1999 நவம்பர் 5 அன்று நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 412 பத்திகளில் தாம் கண்ட உண்மைகளை வெளியிட்டார். 2000 ஜூனில் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க ஆணையிட்டார். வழக்கு நடக்கும்போதே அவர் பத்திரிகையாளர்களிடம் பேசியிருந்தது பிறகு தெரியவந்தது. 2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிக்கும் ஆணையை ரத்து செய்து, அவரையும் வழக்கிலிருந்து நீக்கியது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமான வழிகளில் காத்துக்கொண்டது என்ற முடிவை ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் உறுதி செய்தார்கள். தீர்ப்பு வந்தபோது நெட்ஸ்கேப்பைக் காப்பாற்ற நேரம் கடந்துவிட்டது.

வென்ற பிறகு என்ன நடந்தது? ஆறாம் பதிப்பு 2001இல் வந்தது. உலகத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத்தான் பயன்படுத்தினார்கள். ஏழாம் பதிப்பு வந்தது 2006இல். நடுவில் ஐந்து ஆண்டு உறக்கம். எதிரியே இல்லாத மன்னன் கோட்டையைப் பழுது பார்ப்பானா? நச்சுநிரல்கள் புகுந்தன. பல இணையதளங்கள் அந்த ஓர் உலாவியில் மட்டுமே திறந்தன. இலவசம் என்று வாங்கியதற்கு நாம் கொடுத்த விலை அதுதான்.

நெட்ஸ்கேப் சாவதற்கு முன் ஒரு காரியம் செய்தது. 1998இல் தன் மூலநிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டது. அந்த விதையிலிருந்துதான் 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் வந்தது. 2008இல் கூகுள் குரோம் வந்தது. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவை முடித்துக்கொண்டது.

முடிந்ததா என்றால், இல்லை. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தேடலில் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். கைபேசிகளிலும் உலாவிகளிலும் முதலில் தெரியும் தேடுபொறியாகத் தானே இருப்பதற்காக 2021இல் மட்டும் கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். அந்தத் தீர்ப்பு பெரிதும் சாய்ந்து நின்றது பழைய மைக்ரோசாஃப்ட் தீர்ப்பின் மேல்தான். ஆள் மாறியிருக்கிறான், சுங்கச்சாவடி அதே இடத்தில் இருக்கிறது.

எனவே, பிள்ளைகளே, உங்கள் குறிப்பேட்டில் ஒரு திருத்தம். "தரமானது வென்றது" என்று நான் சொன்னதை அடித்துவிடுங்கள். அதற்குப் பதில் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: வென்றவன் ஓட்டத்தில் வென்றானா, அல்லது ஓடுபாதை அவனுடையதா?

கணினி அறையில் உங்களை உட்காரவைத்து, "அந்த நீல எழுத்தை அழுத்துங்கள், அதுதான் இணையம்" என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அது இணையம் இல்லை, ஒரு நிறுவனத்தின் வாசல். அது எனக்கே அப்போது தெரியாது. இந்தத் துறையில் இருப்பவர்கள் நான் எங்கேனும் தவறாகச் சொல்லியிருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள். திருத்திக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.