கிறிஸ்தவப் பொறுப்பும் செல்வ ஏற்றத்தாழ்வும்: கோலார் தங்கவயல்

செல்வ நாடுகளுக்கும் வறிய நாடுகளுக்கும், ஒரே நாட்டினுள் செல்வர்க்கும் வறியவர்க்கும் இடையே விரிந்து கிடக்கும் பிளவின் முன்னே கிறிஸ்தவர் ஆற்றவேண்டிய கடமை யாது என்னும் வினா, தென்னிந்தியாவில் தர்மமாகத் தோன்றிப் பின்னர் நீதிக் கோரிக்கையாக வளர்ந்தது. நிலத்தடிப் பொன் லண்டன் பங்குதாரர்க்கு இலாபமாகவும், அதை வெட்டியவர்க்கு நுரையீரல் நோயாகவும் பங்கிடப்பட்ட கோலார் தங்கவயல், அவ்வளர்ச்சியின் நிறை குறைகளை ஒருங்கே காட்டும் இடமாகும்.

தொடக்கம்

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த சிறுவர்க்கெனக் கோலாரில் லூயிஸா ஆன்ஸ்டி அம்மையார் நிறுவிய இல்லம், 1890இல் அமெரிக்க மெதடிஸ்ட் மிஷன் வசமாயிற்று. அம்மிஷனின் மருத்துவமனை 1910இல் எழுந்தது. இதற்கிடையே, பஞ்சம் நீங்கிய சில ஆண்டுகளில், 1880இல், ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கச் சுரங்கங்களின் நிர்வாகத்தை ஏற்றனர். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் உந்தப்பட்டு வந்த தமிழ்த் தொழிலாளர், அவருள்ளும் பெரும்பாலும் ஆதிதிராவிடர், மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் முதலிய குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்தனர். ஒரே தேவனை ஆராதித்தவர்களே ஆயினும், துரைமார் ஆங்கில வழிபாட்டிலும் தொழிலாளர் தமிழ் வழிபாட்டிலும் பிரிந்தே கூடினர். சபைகள் பள்ளிகளை நடத்தின, நோயாளிகளைப் பேணின. ஆனால் ஏழ்மையைத் தோற்றுவிக்கும் ஏற்பாட்டைக் கேள்விக்குள்ளாக்கும் பணியில் முன்னின்றவர் வேறு சிலராவர். சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் வேரூன்றியது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1946 நவம்பரில் தொழிலாளர்மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் அறுவர் மாண்டனர்.

சிந்தனையின் மாற்றம்

தொழிலாளர்க்கு நியாயக் கூலி உரியது என வலியுறுத்திப் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் 1891இல் வெளியிட்ட சுற்றுமடல், கத்தோலிக்க உலகின் சிந்தனையைத் திருப்பியது. தமிழகத்தில் ஜேசுதாசன், பேட்டன் என்னும் இரு மருத்துவர்கள் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தோற்றுவித்து, சுரங்கத்திற்கு ஆட்களை அனுப்பிய அதே வட ஆர்க்காட்டு மண்ணில் ஏழைகளோடு எளிய வாழ்வை மேற்கொண்டனர். தஞ்சையிற் பிறந்த காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா (1892–1960) இன்னும் ஆழமாகச் சென்று, இந்தியரின் தரித்திரத்தைச் சர்க்காரின் வரவுசெலவுக் கணக்கிலிருந்தே எடுத்துக்காட்டியதோடு, சத்தியாக்கிரகம் கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதெனக் கருதிய கல்கத்தாப் பேராயர் வெஸ்ட்காட்டை 1930இல் பகிரங்கமாக மறுத்தார். ஏகாதிபத்தியச் சுரண்டலைப் பொறுத்துக்கொண்டு ஏழைகளுக்குப் பிச்சையிடும் சமயம், இயேசுவின் சமயமாகாது என்பதே அவரது நிலையின் சாரம்.

சுதந்திரத்திற்குப் பின்

1957இல் பெங்களூரில் பி. டி. தேவநந்தன் தலைமையில் அமைந்த சமய-சமுதாய ஆராய்ச்சி நிலையமும், அவருக்குப் பின் அதனை நடத்திய எம். எம். தாமஸும் இவ்வாதத்தை உலக அரங்கிற்குக் கொண்டுசென்றனர். 1967இல் ஆறாம் பவுல் பாப்பரசரின் சுற்றுமடலும், 1968இல் உப்சாலாவில் கூடிய உலகத் திருச்சபைகளின் மாமன்றமும், ஏழை நாடுகளின் வறுமையை உலக வாணிபம், கடன் ஆகியவற்றின் அமைப்போடு இணைத்துப் பேசின. அம்மாமன்றத்தின் மத்தியக் குழுவிற்கு 1968 முதல் 1975 வரை தாமஸே தலைவராயிருந்தார். 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து கிளைத்த தலித் இறையியல், வர்க்கத்தோடு சாதியையும் கணக்கிற் சேர்த்தது. தங்கவயல் மக்களின் நெடுநாள் அநுபவத்திற்கு மிக அண்மையில் வந்த கோட்பாடு இதுவே எனலாம்.

சுரங்கம் மூடிய பின்

1956இல் மைசூர் அரசு வசமாகிப் பின்னர் மத்திய அரசிடம் சென்ற சுரங்கங்கள், மூவாயிரம் மீட்டருக்கும் மிகுந்த ஆழம் எட்டி, ஏறத்தாழ எண்ணூறு டன் பொன்னை அளித்தபின், 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. சயனைடு கலந்த மண்மேடுகள் ஊரைச் சூழ்ந்து நிற்க, அவ்வூர் மக்கள் கூலிவேலை தேடி விடியற்காலை இரயிலில் பெங்களூர் சென்று மீள்கின்றனர். தர்மம் பசித்தவரை அன்றைக்குக் காக்கும்; ஆயினும் பொன் எவர்க்குச் சென்றது, புழுதி எவர்க்கு எஞ்சியது என்று விசாரியாத தர்மம் பொறுப்பின் பாதியை மட்டுமே நிறைவேற்றியதாகும்.