நிலவறையின் மறுபதிப்புகள்

பழைய கம்ப்யூட்டர் ஆட்டங்களை இன்றைய ஆட்டக்காரனுக்காகத் திரும்பச் செய்து வெளியிடுவது பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி வியாபாரச் செய்தி. மிச்சம் பால்யகால ஏக்கம். இது முதலாவதாக ஒரு பிரதிப் பிரச்னை என்று எனக்குப் படுகிறது. எது மூலம், எது அதன் மேல் படிந்த தூசு, தூசைத் துடைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எதைச் சுரண்டி எடுக்கிறோம் என்ற கேள்விகள் இங்கேயும் அப்படியே வருகின்றன. ஒரே வித்தியாசம், இங்கே பிரதி நாற்பது வருஷங்களுக்குள் படிக்க முடியாததாகிவிடுகிறது. ஓலைகூட இவ்வளவு சீக்கிரம் செல்லரிப்பதில்லை.

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விதிப்புத்தகங்களை வெளியிட்டார்கள். ஒரு மேஜை, சில பேர், பகடைகள், நிலவறையை மனசில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போகும் ஒருவன். அவ்வளவுதான். அந்த ஒருவன் இல்லாமல், அவனிடத்தில் யந்திரத்தை உட்கார வைக்க முடியுமா என்று உடனே முயன்றவர்கள் மாணவர்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்ற பாடம் நடத்தும் கம்ப்யூட்டரில், 1975-இல், 'பெடிட்5' என்ற பெயரில் ஒரு நிலவறை ஆட்டம் இருந்தது. பாடக்கோப்புக்கு ஒதுக்கிய இடத்தில் ஒளித்து வைத்ததால் அந்த உப்புச்சப்பில்லாத பெயர். நிர்வாகம் கண்டுபிடித்து அழித்தது. யாரோ எடுத்து வைத்திருந்த பிரதியால்தான் தப்பியது. இந்த வகை ஆட்டங்களின் வரலாறு அழிபடுவதிலும் பிரதியெடுப்பதிலும்தான் தொடங்குகிறது.

பிளேட்டோவில் இப்படிப் பல ஆட்டங்கள் வந்தன. அவற்றிலிருந்து ஊறி வந்ததுதான் 1981-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்த 'விசார்ட்ரி'. எழுதியவர்கள் கார்னல் பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட். வெளியிட்டது சர்-டெக் நிறுவனம். ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம், பத்துத் தளங்கள், ஒவ்வொரு தளமும் இருபதுக்கு இருபது கட்டம். கறுப்புத் திரையில் சில வெள்ளைக் கோடுகள்தான் சுவர்கள். அடித்தளத்தில் வெர்ட்னா என்ற மந்திரவாதி, திருடிய தாயத்தோடு உட்கார்ந்திருக்கிறான். அவனை விரட்டச் சொல்லும் பைத்தியக்கார அரசன் பெயர் டிரெபோர். ஆண்ட்ரூவையும் ராபர்ட்டையும் ஆங்கிலத்தில் திருப்பி எழுதினால் இந்தப் பெயர்கள். இவ்வளவு இலகுவான கேலியோடு எழுதப்பட்ட ஒன்று இவ்வளவு குரூரமாக இருந்ததுதான் விஷயம்.

குரூரம் என்றது ராட்சசர்களை அல்ல. சாவை. உள்ளே ஒருவன் செத்தால் அந்தச் சாவு உடனே ஃப்ளாப்பியில் எழுதப்பட்டுவிடும். நேற்றைய நிலைக்குத் திரும்பிப் போக விதியில் இடமில்லை. கோவிலுக்குப் பிணத்தைத் தூக்கிப்போய்ப் பணம் கட்டினால் பூசாரிகள் உயிர்ப்பிக்க முயல்வார்கள். தோற்றால் பிணம் சாம்பல். சாம்பலிலிருந்து எழுப்பும் முயற்சியும் தோற்றால் ஆள் பதிவேட்டிலிருந்தே போய்விடுவான். ஆறு பேரும் உள்ளேயே மடிந்தால், புதிதாக ஆறு பேரைத் தயார் செய்து, அதே இடத்துக்கு நடந்துபோய்ப் பிணங்களைப் பொறுக்கி வர வேண்டும். புதிதாகத் தயார் செய்த ஆறு பேர் அந்தத் தளத்தில் எத்தனை நிமிஷம் உயிரோடிருப்பார்கள் என்பது வேறு.

இதை ஆட்டக்காரர்கள் பணிந்து ஏற்றுக்கொண்டார்கள் என்று இன்று சொல்வது புராணம். சாவு எழுதப்படுவதற்குள் டிரைவிலிருந்து ஃப்ளாப்பியைப் பிடுங்கினார்கள். பிரதியெடுத்து மறைத்து வைத்தார்கள். ஆட்களின் பலத்தைத் திருத்தியெழுதும் சிறு புரோகிராம்கள் கடையில் விற்பனைக்கே வந்தன. இன்று மறுபதிப்புகளை நோக்கி வைக்கப்படும் குற்றச்சாட்டு, இக்காலத்து ஆட்டக்காரனின் சோம்பலுக்கு மூலத்தைக் காவு கொடுக்கிறார்கள் என்பது. ஆனால் தண்டனையைத் தளர்த்தும் ஆசைக்கும் மூலத்துக்கும் ஒரே வயசு. மூலத்தை அதன் விதிப்படி ஆடியவர்கள் எப்போதுமே கொஞ்சம் பேர்தான்.

முதல் பெரிய மறுபதிப்பு மொழிபெயர்ப்பாக நடந்தது. 1985-இல் ஜப்பானில் ஆஸ்கி நிறுவனம் விசார்ட்ரியைக் கொண்டுவந்தது. மூலத்தில் ஒரு வாளுக்குக் குசினார்ட் என்று பெயர். அது அமெரிக்கச் சமையலறைகளில் காய் நறுக்கும் மின்சார யந்திரம் ஒன்றின் பிராண்ட் பெயர். நம்மூரில் மிக்ஸி பெயரை வாளுக்கு வைத்த மாதிரி. ஜப்பானில் இந்தத் தமாஷ் தெரியாமல், காசினாட் என்ற புகழ்பெற்ற கொல்லன் அடித்த வாள் என்று எடுத்துக்கொண்டார்கள். கேலி காவியமாகிவிட்டது. 1987-இல் ஃபாமிகாம் யந்திரத்துக்கு வந்த பதிப்பில் ஜுன் சுவேமி வரைந்த ராட்சசர்களும் கென்டாரோ ஹானெடாவின் இசையும் சேர்ந்துகொண்டன. மூலத்தை எழுதிய இரண்டு மாணவர்களும் கனவிலும் நினைத்திராத கம்பீரம் அதற்கு வந்து சேர்ந்தது. இதைத் தவறான மொழிபெயர்ப்பு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அந்தத் தவறான வாசிப்புதான் விசார்ட்ரியை உயிரோடு வைத்தது. அமெரிக்காவில் எட்டாவது ஆட்டத்தோடு, 2001-இல், வரிசை நின்றுபோயிற்று. ஜப்பானில் அந்தப் பெயரில் ஆட்டங்கள் வந்துகொண்டே இருந்தன.

இதைவிட ஆழமான மறுபதிப்பு வேறு பெயரில் வந்தது. விசார்ட்ரியிலும் ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா'விலும் மூழ்கி எழுந்த யூஜி ஹோரி 1986-இல் 'டிராகன் குவெஸ்ட்' செய்தார். வெளி உலகத்தில் நடப்பதற்கு அல்டிமா, சண்டைக்கு விசார்ட்ரி. செத்தால்? கதாநாயகன் அரசன் முன்னால் மறுபடி நிற்கிறான். கையிலிருந்த பொன்னில் பாதி போயிருக்கும். பழகிய பலம் அப்படியே இருக்கும். சாவு ஒரு அபராதமாக மாறிவிட்டது. இன்றைய ஆட்டக்காரனுக்காக மறுபதிப்புச் செய்கிறவர்கள் எல்லோரும் முப்பது நாற்பது வருஷம் கழித்துச் செய்கிற காரியத்தை ஹோரி அப்போதே செய்துவிட்டார். மூலத்தின் பெயரை எடுத்துக்கொள்ளாத நேர்மையோடும்.

*

2023 செப்டம்பரில் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் முதல் விசார்ட்ரியின் மறுஆக்கத்தை முன்னோட்டமாக வெளியிட்டது. முழு வடிவம் 2024 மேயில் வந்தது. அவர்கள் செய்த விதம்தான் என்னை இந்தக் கட்டுரைக்குத் தள்ளியது. 1981-ன் புரோகிராமையே அடியில் ஓடவிட்டு, அதன் மேல் முப்பரிமாணச் சித்திரங்களைப் போர்த்தியிருக்கிறார்கள். திரையின் மூலையில் பழைய ஆப்பிள் திரையைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். மேலே கல் சுவரும் தீப்பந்த வெளிச்சமும், மூலையில் நாலு வெள்ளைக் கோடுகள். இரண்டும் ஒன்றேதான். உரையும் மூலமும் ஒரே பக்கத்தில் அச்சிட்ட பதிப்பு மாதிரி.

(எங்கள் கிளையில் சில வருஷங்களுக்கு முன் புதுத் திரைகள் வந்தன. வண்ணங்கள், படங்கள். ஒரு பொத்தானை அழுத்திக் காத்திருந்தால் சில சமயம் அடியிலிருந்து பழைய கறுப்புத் திரை ஒரு கணம் எட்டிப் பார்க்கும். கணக்குப் போடுவது அதுதான் என்று எங்களுக்குத் தெரியும்.)

போர்வை எவ்வளவு கனமானது என்பதும் யோசிக்க வேண்டியது. ஆப்பிள் மூலத்தில் இசை கிடையாது. மறுஆக்கத்துக்கு வினிஃப்ரெட் பிலிப்ஸ் எழுதிய இசைக்கு 2025-இல் கிராமி பரிசு கிடைத்தது. நல்ல இசைதான். ஆனால் அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் நின்ற அந்த மௌனம் அதில் இல்லை. ஓடுகிற புரோகிராம் ஒரு வரி மாறாமல் இருக்கலாம், அனுபவம் மாறிவிட்டது. பிரதி என்பது எழுத்து மட்டும்தானா என்ற பழைய தகராறு.

மௌனத்தைவிடப் பெரிய நஷ்டம் வரைபடம் என்பேன். மூலத்தில் வரைபடம் கிடையாது. ஆட்டக்காரன் கிராஃப் தாளில் தானே கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு போக வேண்டும். அதைக் குழப்புவதற்கென்றே, கண்ணுக்குத் தெரியாமல் ஆளைத் திருப்பிவிடும் கட்டங்களும், வேறிடத்தில் கொண்டுபோய் விடும் கட்டங்களும், இருட்டுப் பகுதிகளும் வைத்திருந்தார்கள். மறுஆக்கம் வரைபடத்தைத் தானே வரைந்து தருகிறது. இதை வசதி என்கிறார்கள். எனக்கு ஆப்பிள் 2 தெரியாது. நான் பிறந்தபோது அது பழங்கதை. மறுஆக்கம் வழியாகத்தான் இந்த ஆட்டத்துக்கே வந்தேன், அதனால் நன்றி கெட்டுப் பேசவும் முடியாது. ஆனாலும் அவர்கள் தரும் வரைபடத்தைப் பார்ப்பதில்லை என்று தீர்மானித்து, ஒரு கிராஃப் நோட்டு வாங்கி ராத்திரிகளில் வரைந்தேன். மூன்றாம் நாள் இரண்டு நடைகள் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. ஆட்டம் என்னை எங்கோ திருப்பிவிட்டது என்று நினைத்து ஒரு மணிநேரம் தேடினேன். கடைசியில், நான்தான் ஒரு கட்டம் கூடுதலாக எண்ணியிருக்கிறேன். நாள் கணக்கில் வித்தியாசம் விழுந்து, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அதைத் தேடியவர்களுக்கு அந்தக் கண்டுபிடிப்பின் அவமானமும் சந்தோஷமும் தெரியும். அந்த நிலவறையில் பாதி ஃப்ளாப்பியில் இருந்தது, பாதி ஆடுகிறவன் கையால் எழுதப்பட்டது. தானாக வரும் வரைபடம் சிரமத்தைக் குறைக்கவில்லை, இரண்டாவது ஆசிரியனை வெளியேற்றிவிட்டது.

டிஜிட்டல் எக்லிப்ஸ்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. பழைய கடுமைகள் பலவற்றை வேண்டுமானால் வைத்துக்கொள், வேண்டாமென்றால் எடுத்துவிடு என்று தேர்வுகளாக வைத்திருக்கிறார்கள். ஜனநாயகமான ஏற்பாடு. ஆனால் தேர்ந்துகொண்ட கடுமையும் வேறு வழியில்லாத கடுமையும் ஒன்றல்ல. விரதத்துக்கும் பட்டினிக்கும் உள்ள வித்தியாசம்.

வேறு வழியில் போனவர்கள் பீம்டாக் நிறுவனத்தார். 1998-ன் 'பால்டர்ஸ் கேட்' ஆட்டத்தை 2012-இல் செப்பனிட்டு வெளியிட்டார்கள். பழுது பார்த்ததோடு நிற்காமல் புதிய பாத்திரங்களையும் சேர்த்தார்கள். நம் பதிப்பாசிரியர்கள் பாஷையில் இடைச்செருகல். ஆடுகிறவனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. மூலத்தின் ஆட்கள் அந்த முதல் ஆட்டத்தில் ரொம்பப் பேச மாட்டார்கள். புதிதாக வந்தவர்கள் விருந்தாளிகள் மாதிரி ஓயாமல் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மோசமாக எழுதப்பட்டவை என்று சொல்ல மாட்டேன். காலம் வேறு, குரல் வேறு. இதே வரிசையில் 2002-இல் வந்த 'ஐஸ்விண்ட் டேல்' இரண்டாம் ஆட்டத்தை அவர்களால் செப்பனிட முடியவில்லை, மூல புரோகிராமே தொலைந்துவிட்டது. இரண்டு மாணவர்கள் எழுதிய 1981-ன் புரோகிராம் இன்றும் ஓடுகிறது. ஒரு பெரிய கம்பெனியில் பலபேர் சேர்ந்து எழுதியது, இருபது வருஷத்துக்குள் காணோம்.

'அல்டிமா' ஐந்தாம் ஆட்டத்தை ரசிகர்களே வேறொரு ஆட்டத்தின் யந்திரத்தில் வைத்துக் காசு வாங்காமல் திரும்பக் கட்டி 2005-இல் தந்தார்கள். 2025 ஏப்ரலில் வந்த 'ஒப்லிவியன்' மறுபதிப்பு விசார்ட்ரி செய்ததையே பெரிய அளவில் செய்தது: அடியில் 2006-ன் யந்திரம், மேலே புதுச் சித்திரம். அதன் பழைய பிழைகளில் சிலவும் கூடவே வந்தன, ரசிகர்கள் சந்தோஷப்பட்டார்கள். எழுத்துப் பிழையைப் பாடபேதமாகக் கொண்டாடும் பழக்கம் நமக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தேன்.

வுட்ஹெட் பின்னாளில் ஜப்பானிய அனிமேஷன் படங்களை ஆங்கிலத்தில் கொண்டுவரும் நிறுவனம் ஒன்றை ஆரம்பித்தார். அதாவது, எதிர்த்திசையில் மொழிபெயர்ப்பாளரானார். கிரீன்பெர்க் வக்கீலானார். மறுஆக்கம் முழுதாக வெளிவந்து மூன்று மாதத்தில், 2024 ஆகஸ்டில், இறந்துபோனார். அவர் பெயரைத் திருப்பிப் போட்ட மந்திரவாதி பத்தாம் தளத்தில் தாயத்தோடு இன்னும் உட்கார்ந்திருக்கிறான். நான் நாலாம் தளம் வரை வரைந்திருக்கிறேன். என் கூட்டத்துப் பூசாரி இப்போது சாம்பல். கோவிலில் கேட்கிற பணம் என்னிடம் இல்லை.