கழி நட்ட கழி

இத்தாலிய மொழியில் 'வல்லே' என்றால் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்குக்கு இருபுறமும் மலை வேண்டும். போ ஆற்றின் கழிமுகத்தில், கால்வாய்களும் பாலங்களுமாக இருக்கும் கொமாக்கியோ என்ற சிற்றூரைச் சுற்றி மேடு என்று சொல்லவே ஒன்றில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் உவர்நீர்தான். அந்த நீர்ப்பரப்புக்கும் பெயர் வல்லே.

இரண்டுக்கும் வேர் வேறு என்பார்கள் சொல்லாய்வாளர் சிலர். பள்ளத்தாக்கு, லத்தீன் 'வல்லிஸ்' வழி வந்தது. நீர்ப்பரப்போ 'வல்லும்' வழி வந்தது. அரண், கரை என்று பொருள். அதற்கும் அடியில் இருப்பது 'வல்லுஸ்', அதாவது நட்டுவைத்த முளை. உப்பங்கழியில் முளையடித்து, நாணல் தட்டி கட்டி, கரை எழுப்பி மீனை மறித்த இடமே வல்லே. தமிழில் கோலும் கழி, உவர்நீரும் கழி என்பது தற்செயல். அங்கே கோலிலிருந்தே நீருக்குப் பெயர் பிறந்திருக்கிறது.

இந்த விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. காரணம், அங்கே மீன் பிடிக்கும் அடைப்பான 'லவோரியேரோ'. 'லவோரோ', வேலை, என்பதிலிருந்து வந்த பெயர். முளையும் நாணலும் கொண்டு, அம்புமுனை போலக் கடலை நோக்கிக் குவியும் அறைகளாக அதைக் கட்டினார்கள். இப்போது சிமென்டும் உலோகமும். இலையுதிர் காலத்தில், நிலவில்லாத புயலிரவுகளில், முதிர்ந்த விலாங்குகள் சார்கசோ கடலுக்கு இனம்பெருக்கக் கிளம்பும். மடை வழியே உள்ளே வரும் கடல்நீரை எதிர்த்து நீந்தும். மற்ற மீன்கள் முன்னறையிலேயே தங்கிவிடும். விலாங்கு மட்டும் தட்டியின் இடுக்கில் நெளிந்து கடைசி அறையில் சிக்கும். கொமாக்கியோ நீரில் மீன் தானே வந்து சிறைப்படுவதை 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தாஸ்ஸோ தம் காவியத்தில் உவமையாகவே வைத்தார். பிடித்த மீனைத் துண்டாக்கி, கம்பியில் கோத்து விறகுத் தீயில் சுட்டு, காடியும் உப்பும் லாரல் இலையும் சேர்த்து ஊறவைப்பது ஊரின் பழைய தொழில்.

பிறகு நீரை வடித்து வயலாக்கும் காலம் வந்தது. 1922இல் வல்லே ட்ரெப்பாவை வடித்தபோது, எட்ருஸ்கர்களின் துறைமுகமான ஸ்பீனாவின் கல்லறைகள் கிரேக்கச் சித்திரக் கலங்களோடு வெளிப்பட்டன. பின்னர் மெத்ஸானோ என்ற வல்லேயும் வயலாயிற்று. எஞ்சியது சுமார் 11,000 ஹெக்டேர் நீர். ஐரோப்பிய விலாங்கே இன்று மிக அருகிவிட்ட இனமாகச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

வடித்த நிலங்கள் பெயரை விடவில்லை. அந்தப் பக்கத்து நிலப்படத்தில் 'வல்லே' என்று கண்டால் தண்ணீர் இருக்கிறதென்று நம்ப வேண்டாம். ஒரு காலத்தில் அங்கே கரை கட்டி மீன் வளர்த்தார்கள் என்று கொள்ளுங்கள்.