தவிடும் கோழியும்: ஒரு வரலாற்று நோக்கு

நெல்லைத் தீட்டுமிடத்துப் பிரியும் தவிட்டை மாட்டுக்கும் கோழிக்கும் உரிய கழிவென்று கருதுவது நெடுங்கால வழக்கம். அப்பெயர் எத்துணைப் பொருத்தமற்றது என்பதை உலகுக்கு உணர்த்தியவை யாவாத் தீவின் சில கோழிகளே எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் பரவவே, தவிடு முற்றாக நீக்கப்பட்ட வெள்ளையரிசி மலிந்தது. அதனோடு, கால்களை வலுவிழக்கச் செய்து இதயத்தைத் தளர்விக்கும் பெரிபெரி நோயும் ஆசியாவிற் பெருகிற்று. நுண்ணுயிர்க் கொள்கை ஓங்கியிருந்த காலமாதலின், 1886 இல் ஒல்லாந்து அரசு யாவாவுக்கு அனுப்பிய ஆய்வுக்குழு நோய்க்கிருமியையே தேடியது.

அக்குழுவின் உதவியாளராகச் சென்று, பின்னர் பத்தேவியா ஆய்வுகூடத்தின் தலைவரான கிறிஸ்தியான் எய்க்மன், 1889 இல் தம் கோழிகள் பெரிபெரியை ஒத்த நோயால் தள்ளாடக் கண்டார். சில மாதங்களில் அவை தாமே குணமடைந்தன. இராணுவ மருத்துவமனையில் எஞ்சிய வெள்ளையரிசிச் சோறே அதுவரை அவற்றின் தீனியாக இருந்தது. புதிய சமையற்காரர் படையினரின் சோற்றைக் கோழிகளுக்கு ஈய மறுத்தமையால், தீட்டாத அரிசி இடப்பட்டது. தவிடு சேர்த்தால் நோய் தீர்வதை எய்க்மன் பின்னர்ச் சோதனைகளால் நிறுவினார்.

1897 இல் வோர்டர்மன் என்பார் யாவாச் சிறைகளில் ஏறத்தாழ 280,000 கைதிகளின் உணவை ஆராய்ந்து, மனிதரிடத்தும் இவ்வுண்மை பொருந்துவதைக் காட்டினார். மாப்பொருளில் நஞ்சுண்டு, தவிடு அதற்கு மாற்று என்றே எய்க்மன் எண்ணினார். தவிட்டிலுள்ள இன்றியமையாச் சத்தொன்றின் குறைவே நோய் என 1901 இல் விளக்கியவர் கிறைன்ஸ் ஆவார். 1926 இல் யான்சனும் டொனத்தும் அச்சத்தைத் தவிட்டினின்றே பளிங்குகளாகப் பிரித்தெடுத்தனர். அதுவே தயமின் எனப்படும் விற்றமின் பி1.

மலாயாவில் வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெருவாரியாக நோயுற, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர் என்பதை 1907 இல் பிரட்டன் எடுத்துக்காட்டினார். நெல்லை அவிக்கையில் தயமின் மணியினுட் புகுந்து, தீட்டிய பின்னும் எஞ்சுவதே இதன் காரணம். நம்மவர் சமையல் மரபு விஞ்ஞானத்துக்கு முந்தியே ஒரு காப்பினை அளித்திருந்தது.

இன்று இறைச்சிக்கோழித் தீனியிலும் தவிட்டுக்கு இடமுண்டு, எல்லையும் உண்டு. அதன் எண்ணெய் விரைவிற் சிக்குப்பிடிக்கும்; நார்ப்பொருள் மிகுதி; பைற்றேற்றாகப் பிணைந்த பொஸ்பரசைக் கோழி எளிதிற் பெறாது. 1990களிலிருந்து பைற்றேசு நொதியம் சேர்த்து இக்குறையைத் தணிக்கின்றனர். அவித்த நெல்லின் தவிடோ, எண்ணெயைச் சிதைக்கும் நொதியம் அழிவதால், நெடிது நிலைக்கும்.

ஒரு பொருளைக் கழிவெனத் தள்ளுவது சந்தையின் தீர்ப்பேயன்றி, அப்பொருளின் இயல்பன்று. வெண்மையை விரும்பி மனிதர் இழந்ததைக் கோழிகள் கற்பித்தன. அப்பாடத்துக்கு முன்னர்ப் பல்லாயிரம் உயிர்கள் மாண்டன என்பதை மறத்தலாகாது.