அலைவை அடக்கிய கதை

நின்றுகொண்டிருக்கும் ஒரு காரின் முன்மூலையைக் கையால் நன்றாக அழுத்திச் சட்டென்று விட்டுப் பாருங்கள். கார் ஒருமுறை எழும்பி அடங்கினால் அதன் ஷாக் அப்சார்பர் செம்மையாக இருக்கிறது எனலாம். மூன்று நான்கு முறை குதித்தால் தேய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். மேட்டின் மோதலை ஏற்பது வில்லின் வேலை. வில்லில் சேரும் ஆற்றலை வெப்பமாக மாற்றி, அலைவை அடக்குவதே இக்கருவியின் வேலை. ஆகவே இதைத் 'தணிப்பான்' என்பதே பொருத்தம்.

தொடக்ககாலத் தணிப்பான்கள் உராய்வினால் இயங்கின. பிரான்சு நாட்டு ட்ருஃபோ அமைத்த இக்கருவியை அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு பரப்பினார். கத்தரிக்கோலைப் போன்ற இரு கைகள். அவை சேருமிடத்தில் உராய்வுத் தட்டுகள். நடுவே ஒரு திருகு. திருகை இறுக்கினால் தணிப்பு மிகும். ஆனால் பெரிய குழிகளுக்கு ஏற்றபடி இறுக்கினால், சிறு மேடுகளில் வில் அசையாமலே நின்றுவிடும். பின்னர் வந்த எண்ணெய்த் தணிப்பான் இக்குறையை நீக்கியது. சிறு துளை வழியே எண்ணெய் எவ்வளவு விரைவாகத் தள்ளப்படுகிறதோ, அவ்வளவு எதிர்ப்பு தோன்றும்.

சரி, எவ்வளவு தணிப்பு தேவை? காரின் உடல் வினாடிக்குச் சுமார் 1 முதல் 1½ முறை அலையும் இயல்புடையது. சக்கரமும் அச்சும் 10 முதல் 15 முறை அலையும். தணிப்பு குறைந்தால் சக்கரம் சாலையை விட்டு எழும்பும். அந்தக் கணத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை, பிரேக்கை மிதித்தும் பயனில்லை. தணிப்பு மிகுந்தாலோ சாலையின் ஒவ்வொரு கல்லும் நம் முதுகெலும்பில் தட்டும்.

அப்படியானால் வில்லையே மென்மையாக்கினால் என்ன? 1932-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்தில் மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதைச் சோதித்தார். ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் எடைகளைப் பொருத்தி, அவற்றை மாற்றி மாற்றி வைத்து ஓட்டினார். காரில் அமர்ந்தவர்களின் உடலே அளவுகருவி! முன்வில் பின்வில்லைவிட மென்மையாக இருந்தால் கார் ஊஞ்சலாடாமல் சமமாகச் செல்வது தெரிந்தது.

ஆனால் புதிய ஆபத்து ஒன்று முளைத்தது. அக்காலக் கார்களில் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இருந்தன. ஒரு சக்கரம் மேடேறினால் அச்சு சாயும். சுழலும் பம்பரம் சாயும்போது அதன் அச்சு பக்கவாட்டில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே சுழலும் சக்கரமும் பக்கவாட்டில் திரும்பி, ஸ்டியரிங்கை உதறச் செய்தது. வில் மென்மையாக ஆக, உதறல் மிகுந்தது. எனவே காடிலாக், 1934-ஆம் ஆண்டுக் கார்களில் முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குமாறு அமைத்தது.

தணிப்பை ஓட்டுநரே மாற்றும் வழியும் பிறந்தது. 1930-களின் ரோல்ஸ்-ராய்ஸ், பென்ட்லி கார்கள் சிலவற்றில் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் அதற்கென ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. 2002-இல் அதே காடிலாக் நிறுவனம் இரும்புத்துகள் கலந்த எண்ணெயைப் பயன்படுத்தியது. காந்தப்புலம் கூடினால் எண்ணெயின் எதிர்ப்பும் கூடும். தணிப்பு நொடிப்பொழுதில் மாறிவிடும்.

கருவிகள் மாறினாலும் கேள்வி மாறவில்லை: பயணியின் சுகமா, சக்கரத்தின் பிடிப்பா? எல்லாச் சாலைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. அதனால்தான் கணக்குப் போட்ட பிறகும் பொறியாளர் காரைச் சாலையில் ஓட்டிப் பார்க்கிறார்.